தோள்பட்டை வேறு, காறை எலும்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், மைதானத்தில் விழுந்த வீரருக்குத் 'தோள்பட்டை எலும்பு முறிவு' என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே அச்சிட்ட படத்தில் அவர் பிடித்துக்கொண்டிருப்பது கழுத்துக்குக் கீழே, முன்பக்கம். அது காறை எலும்பு. தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம் அகலமாக, முக்கோணமாக இருப்பது. தங்களுக்குத் தெரியாததல்ல.

இது முதல் முறையும் அல்ல. போன வருடம் ஒரு விபத்துச் செய்தியில் 'கழுத்தெலும்பு முறிந்தது' என்று போட்டீர்கள். கழுத்தெலும்பு என்றால் தண்டுவடம் போகிற எலும்பு; அடிபட்டவரின் வீட்டார் படித்தால் என்ன ஆவார்கள்? அதற்கும் முன்பு மருத்துவப் பகுதியில் 'காரை எலும்பு'. காரை சுவரில் பூசுவது. கழுத்தை ஒட்டிப் பூணும் நகை காறை. பெரியாழ்வார் பாசுரத்தில் பெண் பூணுகிற காறை அதுதான். அந்த நகை படியும் இடத்து எலும்புக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! கெண்டைக்காலைக் கணுக்கால் என்பதும், முன்கையை முழங்கை என்பதும் உங்கள் பக்கங்களில் வழக்கமாகிவிட்டன. இதுபற்றி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

என் மகளுக்கு எட்டு வயதில், சைக்கிளிலிருந்து விழுந்து இந்த எலும்புதான் முறிந்தது. பெரும்பாலும் முறிகிற நடுப்பகுதியில்தான். தோலுக்கடியில் முண்டாகப் புடைத்து நின்றது. பதற்றத்தில் நானும் போனில் எல்லாரிடமும் 'தோள்பட்டை' என்றே சொல்லிவிட்டேன். பார்க்க வந்த அவள் அத்தை, முதுகில் கை பட்டுவிடக் கூடாதே என்று, முன்பக்கமாக மார்போடு அணைத்துக்கொண்டார். குழந்தை அலறிய அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. அத்தைக்கு இன்னும் மனம் ஆறவில்லை. தவறு அவருடையதல்ல, நான் சொன்ன சொல்லுடையது.

கையை மார்புக்கூட்டோடு எலும்பால் இணைப்பது இது ஒன்றுதான். கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் இதுவே. முழுமையாக முற்ற ஏறத்தாழ 25 வயதாகிவிடும். இதற்கா உங்களிடம் ஒரு பெயர் இல்லை?

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். காறை, வல்லின றகரம். அது வாசகருக்குப் புரியாது என்று நினைத்தால் 'காலர் எலும்பு' என்றாவது எழுதுங்கள். இடமாவது சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
இருபது வருட வாசகி