வாங்காமல் போன மாத்திரைகளையும் எண்ணுங்கள்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா சிறுவயது முதல் பீடி சுற்றியவர். சிறுநீரகத்தில் தோன்றிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய பிறகு அவருக்குச் சுனிட்டினிப் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு வாரம் தினம் ஒன்று, அடுத்த இரண்டு வாரம் ஓய்வு. இரண்டாம் சுற்றிலேயே உள்ளங்கை சிவந்து தோல் உரியத் தொடங்கியது. சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இலை நறுக்கக் கத்தரியைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். மாத்திரைக்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில் சம்பாதிக்கிற கை நின்றுபோனது.

முழுப் பணத்தையும் முதலில் கட்டினால்தான் மதுரையிலிருந்து வரவழைக்க முடியும் என்றார் மருந்துக்கடைக்காரர். பணம் புரளாத மாதங்களில் இரண்டு வார ஓய்வு ஐந்து வாரமாக நீண்டது. நோய் ஓய்வெடுக்கவில்லை. கடைக் கணக்கிலோ அது வெறும் விற்பனைக் குறைவு.

சிறுநீரகப் புற்றுநோய் மருந்துகளின் சந்தை வளர்கிறது என்று வணிகச் செய்திகளில் படிக்கிறேன். வளரத்தான் செய்யும். 2005 கடைசியில் சொராஃபினிப், 2006 தொடக்கத்தில் சுனிட்டினிப், 2015-இல் நிவொலுமாப் ஊசி என்று அமெரிக்காவில் அடுத்தடுத்து அனுமதி கிடைத்தது. 2019-இல் ஊசியும் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சையும் வந்துவிட்டது. ஒருவருக்கே இரண்டு விலையுயர்ந்த மருந்துகள் என்றால், நோயாளிகள் கூடாமலே சந்தை பெருகும். அந்தக் கணக்கு வாங்கியவர்களைத்தான் எண்ணுகிறது. என் அம்மா அதில் பாதிதான் இருக்கிறார்; ஒரு மாத்திரைகூட வாங்காதவர்கள் அறவே இல்லை.

தேவையை எண்ணினால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. சொராஃபினிப் கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான மருந்து. ஒரு மாதத்துக்கான 120 மாத்திரைகளின் விலை அப்போது 2,80,428 ரூபாயாக இருந்தது. தேவைப்பட்டவர்களில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேலானவர்களுக்கே அது கிடைத்தது என்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் கண்டார். 2012 மார்ச்சில் நாட்கோ என்ற இந்திய நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதமில்லாமலே அந்த மருந்தைச் செய்து விற்கும் அனுமதி, கொடுத்தார். விலை 8,880 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நிர்ணயமானது. அந்த இரண்டு விழுக்காடு என்ற எண் இல்லையென்றால் அந்த உரிமம் கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைப்பதில் உங்கள் கழகம் முப்பது ஆண்டு அனுபவமுள்ளது. மாவட்டக் கிடங்கும், மருந்து ஒதுக்கீட்டைப் பதிய ஆஸ்பத்திரிக்கொரு பாஸ்புக்கும் கொண்ட உங்கள் முறையை வெளிமாநிலத்தாரும் வந்து பார்த்துப் போகிறார்கள். ஆனால் போன ஆண்டு செலவானதை வைத்து மட்டும் வரும் ஆண்டின் தேவையைக் கணித்தால், வாங்கவே முடியாத மருந்துக்குத் தேவையே இல்லை என்றாகிவிடும்.

என் கோரிக்கை சிறியது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். சிறுநீரகப் புற்றுநோயாளி ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட மாத்திரை எது, எத்தனை நாள், அதில் எத்தனை நாள் தவறியது, ஏன் தவறியது என்று பதியச் செய்யுங்கள். சுனிட்டினிப், இதே நோய்க்கான இன்னொரு மாத்திரையான பசோபனிப் இரண்டையும் இந்திய நிறுவனங்களே செய்கின்றன. டெண்டரில் அந்தப் பதிவில் வரும் எண்ணிக்கையை வைத்து விலை கேளுங்கள்.

மாத்திரை போட்ட நாட்களை அம்மா தினசரி நாட்காட்டித் தாளில் பென்சிலால் சுழித்து வைப்பார். சுழிக்காத தாள்களையும் கிழித்தெறியவில்லை. இரண்டு கட்டும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
முக்கூடலிலிருந்து ஒரு மகள்