குருபாய் வேற, சகோதரத்துவம் வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு ஆன்மீகப் பக்கத்தில 'குருபாய்' எண்டா ஆன்மீக சகோதரத்துவத்துக்கு உள்ள சமஸ்கிருதச் சொல் எண்டு போட்டிருந்தீங்க. என்ர மகன் வாசிச்சிட்டு "அப்பா, படத்தில வாற பாய் மாதிரி ஒராளோ" எண்டு கேட்டான், அவனிலயும் பிழையில்ல, இஞ்ச முஸ்லிம் ஆக்களை நாங்க நானா எண்டுதானே கூப்பிடுறது.

குரு சமஸ்கிருதம், சரி. பாய் எண்டுறது ஹிந்தி, வங்காளிச் சொல், 'ப்ராத்ரு' தேய்ஞ்சு வந்தது. பேந்து, அது ஒரு ஆளைக் குறிக்கிற சொல், தத்துவத்தை இல்ல. நான் போன அதே குருவிட்ட வந்த மற்றவர், அவ்வளவுதான். சமஸ்கிருதம்தான் வேணுமெண்டா 'சதீர்த்யர்' எண்டு இருக்கு, சமஸ்கிருத இலக்கணம் எழுதின பாணினி இதுக்கெண்டே ஒரு சூத்திரம் வச்சிருக்கிறார், ஒரே தீர்த்தத்தில வாழுறவர் எண்டு அர்த்தம், தீர்த்தம் எண்டு இதில சொல்லுறது குருவை. சகோதரன் எண்டதைப் பிரிச்சா சக உதரம், ஒரே வயிறு. ஒண்டு வயிறு, மற்றது தண்ணித்துறை. கோணேசர் தீர்த்தத்துக்கு சனம் இறங்கேக்க பாருங்க, பக்கத்தில முங்கிறது ஆரெண்டு ஆர் பாக்கிறது?

1886ல ராமகிருஷ்ணர் போனாப்பிறகு கல்கத்தாவுக்குக் கிட்ட வராகநகரில ஒரு பாழடைஞ்ச வீட்டில சேர்ந்து இருந்த குருபாய்மாரில ஒராள் தாரக்நாத், பிறகு சிவானந்தர் ஆனவர். விவேகானந்தரை விட எட்டு வயசு மூப்பு, எண்டாலும் இளையவரைத்தான் தலைவரா ஏத்துக்கொண்டார், எங்கட வீடுகளில அண்ணன் தம்பிக்குள்ள இது நடக்குமோ தெரியாது. அந்த சிவானந்தர்தான் 1924ல எங்கட விபுலானந்த அடிகளுக்கு சந்நியாசம் குடுத்தவர், அப்ப முறை வச்சுப் பாத்தா விவேகானந்தர் அடிகளுக்கு சித்தப்பா! சிரிக்காதீங்க, அடிகள் பொறுப்பெடுத்து நடத்தின எங்கட இந்துக் கல்லூரிப் பெடியளுக்கு இப்பிடிச் சொல்லிக் குடுத்தா வரலாறு மறக்காது.

தமிழில 'ஒருசாலை மாணாக்கர்' எண்டு நல்ல சொல் கிடக்கு, தொல்காப்பியரையும் அகத்தியரிட்டப் படிச்ச மற்றவங்களையும் அப்பிடித்தான் சொல்லுறது. அதைப் போட்டிருக்கலாமே.

சின்ன வயசில எங்களுக்கு ஒரே நாளில, ஒரே குருக்கள்தான் சமய தீட்சை குடுத்தவர். அதில ஒருத்தன் இப்ப எனக்குப் பக்கத்து வளவு, எல்லை வேலியால வந்த சண்டை, ரெண்டு வருசமா கதை பேச்சில்ல. இந்தக் கணக்கில பாத்தா அவனும் எனக்கு சதீர்த்யன்தான். எண்டாலும் அவன் வேலிய ரெண்டு முழம் தள்ளித்தான் போட்டவன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.