பன்னிரண்டு தகரங்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் நகரத்தாருக்கும், எங்கள் தோட்டத்து மக்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம்.

அக்டோபர் மாதப் பேய்க்காற்றில் எங்கள் ஞாயிறு பள்ளியின் கூரை பறந்துபோய்ச் செம்பனை மரங்களுக்கிடையே விழுந்தது. சென்ற வாரம் அதே கட்டடத்தில் மறுபடியும் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் கேட்டது. இடையில் கைகொடுத்தவர்களுக்காகவே இந்த மடல்.

அந்தக் கட்டடம் பழைய ஆயாக் கொட்டகை. ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் விடியுமுன்பே ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் தாய்மார்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளை இங்கே ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பால்வெட்டுக்குப் போவார்கள். ஏணை கட்டிய கொக்கிகள் இன்றும் உத்தரத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஆடித் தூங்கியவள்தான் நானும்.

7 வயதிலிருந்து 14 வயதுக்குள் 10 பிள்ளைகளாவது இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது அன்றைய மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். எங்கள் ஞாயிறு பள்ளியில் இருப்பதோ 7 பேர். சபைக் கூட்டத்திலும் இந்தத் தலைக்கணக்குதான் பேசப்பட்டது. ஏழு பிள்ளைகளுக்காக ஒரு கூரையா, பேசாமல் டவுனுக்கு அழைத்து வந்துவிடலாமே என்றார்கள். பஸ் இல்லாத தோட்டத்திலிருந்து எப்படி வருவார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, சரியென்று தலையை ஆட்டினேன். யார் பெரியவன் என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்த சீடர்களின் நடுவே, கப்பர்நகூம் வீட்டில் இயேசு நிறுத்தியது ஒரே ஒரு பிள்ளையை. அது அன்று எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பறந்த தகரத்தில் தேறியதைப் பொறுக்கி அடிக்கலாம் என்று ஆணி வாங்கப் போனேன். இரண்டாம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தி என்னோடு தொற்றிக்கொண்டாள். இரும்புக் கடையில் நான் ஆணியை நிறுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேசை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்து, "பும்போங் தெர்பாங், தவுக்கே" என்று கடை முதலாளியிடம் மலாயில் சொன்னாள். கூரை பறந்துவிட்டதாம். அதோடு விட்டாளா? தகரம் வேண்டும், நாங்கள் ஏழு பேர் என்றும் சொன்னாள். எனக்கு மானம் போய்விட்டது. சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். முப்பது வருடமாக, பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியதையும், இயேசு அதைக் கண்டு விசனமடைந்ததையும் வகுப்பில் கதையாகச் சொல்லிவருகிறவள் நான்.

தவுக்கே என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "எத்தனை தகரம்?" என்று கேட்டார். அவளுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். சிரித்துவிட்டு, பன்னிரண்டு தகரங்களையும் ஆணிப் பொட்டலத்தையும் எடுத்து வைக்கச் சொன்னார். நான் நீட்டிய ஐம்பது ரிங்கிட்டை வாங்கவேயில்லை. ஐயா, அந்தக் கடையில் நின்று சொல்ல நா எழாத நன்றியை இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் போல ஆகுங்கள் என்றால் சூதுவாது தெரியாமல் இருங்கள் என்று பிரசங்கிக்கிறோம். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் பிஸ்கட்டை ஒளித்து வைப்பார்கள், பென்சிலுக்காக ஒருவரையொருவர் கடிப்பார்கள். ஆனால் இல்லாததை இல்லை என்று சொல்லிக் கை நீட்ட அவர்கள் கூசுவதில்லை. இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைக் கைக்குழந்தைகள் என்றே லூக்கா எழுதுகிறார். ஏணையில் கிடக்கும் குழந்தை எந்தத் தகுதியைக் காட்டிப் பால் கேட்கிறது? எனக்கோ, சபைப் பொறுப்பில் இருப்பவள் கடையில் போய்க் கேட்பதா என்ற வீம்பு.

அதன் பிறகு கேட்கப் பழகினேன். தகரங்களைக் கூலி வாங்காமல் லோரியில் ஏற்றி வந்த தம்பிக்கு நன்றி. ஏணியும் நாற்காலிகளும் கொடுத்த மாரியம்மன் கோயில் நிர்வாகத்தாருக்கு நன்றி. ஏணியின் மூன்றாம் படி எங்களால்தான் உடைந்தது, மாற்றித் தருகிறோம். வேலை நடந்த இரண்டு சனிக்கிழமையும் கறிபாப் பலகாரம் கொண்டுவந்த மலாய் அம்மா மக்சிக்குக்கும், கட்டடத்தைத் தொடர்ந்து பயன்படுத்த அனுமதித்த தோட்ட நிர்வாகிக்கும் நன்றி. முதலில் வேண்டாம் என்றவர்களில் இருவர் கூரைமேல் ஏறி வெயிலில் ஆணி அடித்தார்கள். அவர்களுக்கும் அன்பான நன்றி.

கொக்கிகளைக் கழற்றிவிடலாமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம் என்றோம். இப்போது ஒன்றில் பிள்ளைகளின் பைகள் தொங்குகின்றன.

சமைத்து அனுப்பிய அக்காமார்களே, உங்கள் சம்புடங்கள் கழுவி என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. மூடிகள் மாறிக் கிடக்கின்றன; பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை