அப்பா பொய் சொல்லவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம். டிசம்பரில் நீ வரும்போது அவரை ஞாபகசக்தி கிளினிக்குக்கு நீதான் கூட்டிப் போகிறாய். அதற்குள் சிலது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், அப்பா சொல்வது உண்மையா என்று நீ கேட்டதற்குப் பதில். ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்த அன்று சிராங்கூன் ரோட்டில் எதிர்வாடையில் நின்று பார்த்ததாக அப்பா சொல்கிறார். சித்தப்பாவோ, "அண்ணன் அன்னைக்கு ஜூரோங்ல ஷிஃப்ட்ல இருந்தாரே" என்கிறார். சித்தப்பா சொல்வதுதான் சரி. ஆனால் அப்பா பொய் சொல்லவில்லை. மறதி நோயின் வேலை என்றும் இதை எடுத்துக்கொள்ளாதே. நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களுக்கும் நடப்பதுதான்.

1986 மார்ச் 15, பகல் பதினொன்றரை மணிவாக்கில் ஆறு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் வந்து இடிபாட்டுக்குள் குடைந்து போனதை ஊரே டிவியில் பார்த்தது. பார்த்த காட்சி மனத்தில் அழுத்தமாகப் பதியும். அது நேரில் கண்டதா, டிவியில் கண்டதா, தேக்காவில் யாரோ சொல்லிக் கேட்டதா என்பது மேலோடுதான் பதியும். வருஷம் போகப் போக முதலில் உதிர்வது அந்த இரண்டாவது விஷயம். காட்சி மிஞ்சி நிற்கும், வந்த வழி மறந்துபோகும். அப்புறம் மனம் தானாகவே ஒரு வழியை ஒட்டவைத்துக்கொள்ளும்: "நான் அங்கே நின்றேன்."

அதே 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே அமெரிக்காவில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் திரும்பவும் கேட்டார். கால்வாசிப் பேருக்கு முக்கியமான விவரம் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். ஆகவே அப்பா உறுதியாகச் சொல்வதை வைத்து நடந்தது என்றோ, தப்பாகச் சொல்வதை வைத்து நோய் என்றோ முடிவு கட்டாதே.

ஏன் இப்படி? நினைவு என்பது எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைக்கிற பொருள் இல்லை. 2000இல் கரீம் நாடெர் என்பவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பழைய பயத்தை நினைவூட்டிவிட்டு, உடனே மூளையின் அமிக்டலா பகுதியில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார். எலிக்கு அந்தப் பயமே கலைந்துபோயிற்று. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் இளகி மறுபடி இறுகுகிறது. இளகிய நேரத்தில் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டிய மறதி வேறு. பெயர் நாக்கு நுனியில் நின்று, சாயங்காலம் குளிக்கும்போது ஞாபகம் வந்தால் அது வயசு. நான் பார்ப்பது, குறிப்பு கொடுத்தால் வருகிறதா என்பதைத்தான். "ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனோமே, சாப்பாட்டில் பால் பாயசம்கூட..." என்று எடுத்துக் கொடுத்ததும், "ஆமாம், இனிப்பு தூக்கல்" என்று தொடர்ந்தால் விஷயம் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். எவ்வளவு எடுத்துக் கொடுத்தாலும் "நான் போகவே இல்லையே" என்றால் அது உள்ளே பதியவே இல்லை. இந்த இரண்டாவது வகையும், பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியை மறுபடி கேட்பதும், வழக்கமான கோப்பிக்கடையிலிருந்து நம் புளோக்குக்கு வழி தெரியாமல் நிற்பதும்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. நாளும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோ. "மறதி அதிகமா இருக்கு டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

மருந்துப் பை முழுவதையும் எடுத்துப் போ. அப்பா வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதியும் வரும், கால் மரத்தும் போகும். அதற்கு ஊசி இருக்கிறது. பி12, தைராய்டு, சோடியம் மூன்றையும் ரத்தத்தில் பார்த்தார்களா என்று கேள். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் வாங்கும் குளோர்பெனிரமைன் மாத்திரையையும் பையில் போடு. ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மறிக்கும் மருந்து அது. வயசானவர்களுக்கு மந்தம், குழப்பம் எல்லாம் வரும். அண்மையில் விழுந்தாரா என்றும் கேட்பார்கள். விழுந்து சில வாரம் கழித்துக்கூட மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கட்டிக் குழப்பம் வரலாம். மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சடைப்பு இரண்டும் மறதி மாதிரியே வேஷம் போடும். இதையெல்லாம் கழித்துவிட்ட பிறகுதான் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்ற பேச்சுக்கே வர வேண்டும். இங்கே மனநலக் கழகம் 2023இல் முடித்த ஆய்வின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு அது உண்டு. அதற்குப் பத்து வருஷம் முன்னால் பத்து விழுக்காடாக இருந்தது, குறைந்திருக்கிறது.

சோதனை அறையில் நீ எங்கே உட்காருகிறாய் என்பது முக்கியம். அப்பாவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் உட்கார். பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் உன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்புவதையே ஓர் அறிகுறியாக டாக்டர்கள் குறித்துக்கொள்வார்கள். நீ பதில் எடுத்துக் கொடுத்தால் அவர்கள் பார்க்க வேண்டியது மறைந்துபோகும். முப்பது மதிப்பெண் சோதனை. மூன்று சொல்லைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். தயவு செய்து முதல் நாள் வீட்டில் வைத்துப் பழக்கிவிடாதே, நிறையப் பிள்ளைகள் பாசத்தில் செய்கிற காரியம் அது. சோதனை தமிழில் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே சொல்லிவிடு. தமிழ்ப் பள்ளியில் படித்தவரை ஆங்கிலத்தில் சோதித்தால், குறைவது ஞாபகமா மொழியா என்று பிரிக்க முடியாது.

கடிகாரம் வரையச் சொல்வார்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், அதில்தான் நிறையத் தெரியவரும். வட்டம் பெரும்பாலும் தப்பாது, கை பழகியது. எண்களில் தடுமாற்றம் தெரியும்: பன்னிரண்டையும் ஒரு பக்கமே நெருக்கி எழுதிவிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விடுவார்கள். திட்டமிடுவதில் கோளாறு. அப்புறம், "11 மணி 10 நிமிஷம் காட்டுங்க" என்பார்கள். பெரிய முள் 2இல் நிற்க வேண்டும். காதில் விழுந்த "பத்து" 10 என்ற எண்ணிடமே இழுக்கும். அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிஷம் என்றால் இரண்டு என்று மாற்றுவது நெற்றிப்புற மூளையின் வேலை. முள் 10க்குப் போனால் அதைத் தாளோடு வைத்துக்கொள்வார்கள். நீ "ச்சு" கொட்டாதே.

அடுத்தது எல்பிஏ: பிற்காலத்தில் தன்னால் முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்க இன்னார் என்று அப்பா முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. சுயமாக முடிவெடுக்கும் மனத்திறன் இருக்கும்போதுதான் எழுத முடியும். திறன் போன பிறகு என்றால் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். செலவும் அதிகம், அலைச்சலும் அதிகம். 2022 நவம்பரிலிருந்து பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாகவே விண்ணப்பம் தயாரிக்கலாம். உடல்நலம், சொத்து இரண்டுக்கும் யார் யார் என்று அப்பாதான் தீர்மானிக்க வேண்டும். உன்னையும் அக்காவையும் போட நினைக்கிறார். நீயும் உன் சிங்பாஸில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு சான்றளிக்கும் டாக்டரோ வழக்கறிஞரோ அப்பாவிடம் கேட்டு, புரிந்துதான், யார் வற்புறுத்தலும் இல்லாமல்தான் செய்கிறார் என்று உறுதிப்படுத்துவார். ஒன்று தெரிந்துகொள்: எல்பிஏ கிடைத்தாலும் அவருக்காக உயில் எழுதவோ, மசேநிதி (மத்திய சேம நிதி) பணம் யாருக்கு என்ற நியமனத்தை மாற்றவோ உங்களால் முடியாது.

மனத்திறன் சட்டம் 2008இல் வந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு பிரிவு: ஒரு விவரத்தைக் கொஞ்ச நேரம்தான் மனத்தில் வைத்திருக்க முடிகிறது என்பதற்காக ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. நாளைக்கு மறந்துவிடுவார் என்றாலும் இன்றைக்கு யோசித்துச் சொன்னது அவருடைய முடிவுதான். ஒரு காரியத்தில் முடியவில்லை என்பதால் எல்லாவற்றிலும் முடியாது என்றும் ஆகாது. புத்திசாலித்தனமில்லாத முடிவும் திறன் இழப்பு ஆகாது. ஆகவே வாராவாரம் ஃபோர்-டி லாட்டரி வாங்குவதை நீ சாட்சியாகக் கொண்டு வராதே, அது நாற்பது வருஷமாக இருக்கிறது.

இனி நீ நேராகக் கேட்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்டது. ஞாபகம் போனால் அப்பா அப்பாவாக இருப்பாரா? 2015இல் ஸ்ட்ரோமிங்கர், நிக்கல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நோயாளிகளின் குடும்பத்தார் 248 பேரைக் கேட்டார்கள். சிலர் வீட்டில் அல்சைமர், சிலர் வீட்டில் நெற்றிப்புற மூளையைத் தாக்கும் டிமென்ஷியா, சிலர் வீட்டில் தசையை முடக்கும் ஏஎல்எஸ். "இவர் பழைய ஆளே இல்லை" என்று அதிகம் சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தார். ஆளே மாறிவிட்டார் என்று தோன்றவைத்தது மறதி இல்லை, குணம்: இரக்கம், நேர்மை, அடக்கம் இவை போவது. எத்தனையோ குடும்பங்களை வார்டில் பார்த்தவளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பேரன் பெயர் தெரியாமலேயே தட்டிலிருந்த பெரிய துண்டை அவன் பக்கம் தள்ளிவைக்கும் தாத்தாவை யாரும் வேற்றாள் என்று சொன்னதில்லை. ஆகவே குணத்தைக் கவனி. திட்டத் தெரியாதவர் தெருவில் சண்டைக்குப் போனால், திடீரென்று இனிப்புக்கு அலைந்தால், கேட்காமல் அடுத்தவர் பொருளை எடுத்தால், தேதி மறந்ததைவிட அதை முதலில் டாக்டரிடம் சொல்.

தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் எண்ணமும் சீக்கிரம் அழியாது. அழியாது, ஆனால் பழசாகிவிடும். அல்சைமர் முற்றிய ஒரு பெண்மணியிடம் ஸ்டான்லி கிளைன் என்பவர் அவருடைய குணங்களைக் கேட்டார். சொன்ன பதில்கள் நோய்க்கு முன்னால் அவர் எப்படி இருந்தாரோ அதோடு பொருந்தின, இப்போதைய குணத்தோடு பொருந்தவில்லை. நாளைக்கு அப்பா பொழுது சாயும் நேரத்தில் எழுந்து, "வேலைக்கு நேரமாச்சு" என்று சட்டை தேடினால் அதற்கு இதுதான் காரணம். "ரிட்டயராகி எத்தனை வருஷமாச்சு" என்று திருத்தாதே. ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் செய்தி, ஒவ்வொரு தடவையும் வலிக்கும். "இன்னைக்கு எந்த ஷிஃப்ட்? சாப்பிட்டுட்டுப் போங்க" என்று உட்காரவை. ஏழு மணிக்கு இருட்டுகிறது, ஆறரைக்கே எல்லா விளக்கும் எரியட்டும். நிழல் குறைந்தால் குழப்பமும் குறையும். மருந்து, பணம், கையெழுத்து ஆகியவற்றில் மட்டும் நடிப்பு வேண்டாம்.

புதிதாக ஒன்றைக் கற்றுக் கொடுக்க வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். "சாவி எங்கே?" "கதவுக் கொக்கியில்." இதை முப்பது விநாடி கழித்துக் கேள். சரியாகச் சொன்னால் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு, நாலு, எட்டு. தவறினால் "யோசிச்சுப் பாருங்க" என்று விடாதே. ஊகித்துச் சொன்ன தப்பே பதிந்துவிடும். உடனே நீயே சொல், அவரையும் சொல்லவை, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்பு. ஒரு சமயத்தில் ஒரு விஷயம்தான்.

கை வேலையை விட்டுவிட வேண்டாம். 1953இல் அறுவை சிகிச்சையால் புது நினைவே பதியாமல் போன ஹென்றி மொலைசன், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முதல் நாள் வரைந்தது ஞாபகமில்லாமலேயே. கைப்பழக்கம் பதியும் இடம் வேறு. அப்பாவுக்கு வெங்காயம் நறுக்க வரும், மாவு ஊற்ற வரும். எதற்கு அப்புறம் எது என்பதில்தான் நின்றுபோவார். சாமானை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடு, பின்னால் நின்று சொல்லிக் கொடுக்காதே.

படப் புத்தகம் ஒன்றை அக்கா தொடங்கியிருக்கிறாள். பக்கத்துக்கு ஒரு படம், கீழே பெரிய எழுத்தில், அப்பா சொல்வதுபோல் ஒரே வரி. சித்தப்பா படத்துக்கு: "இது என் தம்பி. ஜூரோங்கில் இருந்தான்." காட்டும்போது "இது யாரு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதே, நீயே சொல்லிக் காட்டு. உன் பழைய பள்ளிக்கூடப் படம் அங்கே இருந்தால் கொண்டு வா.

காது கருவியைச் சார்ஜ் செய்யும் பெட்டி பழுதாகிவிட்டது. காதில் விழாதது பதியவும் பதியாது, அதைச் சோதனைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். கருவியின் மாடல் எண்ணை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறேன், அங்கே விலை கேட்டுச் சொல். உன் சிங்பாஸ் வேலை செய்கிறதா என்று இப்போதே ஒருமுறை நுழைந்து பார்த்துவிடு. போன் நம்பர் மாற்றினாயே.

அன்புடன்,
அம்மா