விரல்நகம் அளவு சாதனை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெல்லிய படலமாகப் பூசிச் செய்யும் மெல்படல சூரிய மின்கலம் பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையில், வெயிலில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்ற கணக்குக்குக் குறைவில்லை. 2009-இல் 3.8 சதவீதத்தில் தொடங்கிய பெராவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன செல் ஆய்வகத்தில் 26-ஐத் தாண்டிவிட்டது, சரி. அந்தச் சாதனையெல்லாம் விரல்நகம் அளவு செல்லில் செய்தது என்பதை மட்டும் கட்டுரை சொல்லவில்லை. பெரிய பலகையாகச் செய்தால் எண் இறங்கிவிடுகிறது.

நான் சோமனூரில் முப்பது வருஷம் சைசிங் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவது வேலை. ஒரு கையளவு நூலுக்கு யார் வேண்டுமானாலும் பதமாகப் போட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான இழைகள் ஓரத்துக்கு ஓரம் ஒரே பதத்தில் வர வேண்டுமே! சூடு கொஞ்சம் குறைந்தாலும், ரோலர் ஒரு பக்கம் தளர்ந்தாலும் தறியில் இழை அறுபடும். மறுநாள் காலையில் தறிக்காரர் மில் வாசலில் நிற்பார்.

இந்தப் பூச்சும் அதே கதைதான். வழக்கமான பேனலில் உள்ள சிலிக்கான் தகடு சுமார் 150 மைக்ரான் கனம்; மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காட்மியம் டெலுரைடு என்ற இன்னொரு மெல்படலப் பொருளின் படலம் இரண்டு, மூன்று மைக்ரான். பெராவ்ஸ்கைட் அரை மைக்ரான் சுமாருக்குத்தான் வரும். அதில் ஒரு தூசி விழுந்து ஊசித்துளை விட்டால், முன்னும் பின்னும் உள்ள மின்வாய்கள் தொட்டுக்கொண்டு மின்சாரம் அங்கேயே கசிந்துபோகும். அப்புறம், பூசிய பலகையை லேசரால் கோடு கிழித்துப் பட்டை பட்டையாகப் பிரித்து இணைக்கிறார்கள். கோடு விழுந்த இடம் மின்சாரம் தராது. அந்தக் கோடுகள் பிடிக்கும் இடத்தைக் குறைப்பதில்கூடச் சதவீதம் ஒளிந்திருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்கக் கம்பெனி 2024-இல் திறந்த காட்மியம் டெலுரைடு ஆலை பெரிய முதல் போட்டது. ஆனால் பெராவ்ஸ்கைட்டைக் கரைசலாகவே பூசலாம். அந்தப் படலத்துக்கு, ஓடுகிற ஷீட்டின் மேல் மெல்லிய பிளவு வழியாகத் திரவம் விட்டு, உலர்த்திச் சுருட்டும் யந்திரம் போதும். ரோலர், இழுவை, உலர்த்தும் பெட்டி எல்லாம் கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்குப் பழகிய சாமான்கள். நம் இன்ஜினியரிங் கல்லூரிகள் கடையில் வாங்கிய பேனலை மாட்டி 'புராஜெக்ட்' காட்டுவதை விட்டு, இந்தப் பட்டறைகளோடு உட்காரலாம்.

ஒரு பயமும் உண்டு. இப்போதைய பெராவ்ஸ்கைட் கரைசல்களில் பெரும்பாலும் ஈயம் இருக்கிறது. ஈரம் பட்டால் படலமும் கெட்டுவிடும். நொய்யல் ஆற்றில் கழிவு விட்ட திருப்பூர் சாயப்பட்டறைகளை 2011-இல் மூட ஐகோர்ட் உத்தரவு போட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். கழிவு எங்கே போகும் என்று கேட்காமல் நொய்யல் கரையில் எந்தப் பட்டறைக்கும் ஷட்டர் திறக்கக் கூடாது.

அடுத்த கட்டுரையில் விஞ்ஞானிகளோடு ஒரு பட்டறைக்காரரையும் பேசவிடுங்கள்.

— ஓய்வுபெற்ற சைசிங் மேஸ்திரி, சோமனூர்