டேப்பட் சத்தத்தை அடக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்தேன், சந்தோஷம். அந்த வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு டேப்பட் பற்றி, அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதைத் தள்ளும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளி பற்றி, ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மண்டபம் ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக் வேலை பார்க்கிறேன்.

போன சித்திரையில் ஒருவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்ற பழைய காரில் தனுஷ்கோடி போனார். எதிர்காற்றில் வண்டி இழுக்காமல் நின்றுவிட, கட்டி இழுத்து வந்தார்கள். "அண்ணே, போன மாசம்தான் டேப்பட் டைட் வைத்தேன், சத்தமே இல்லாமல் ஓடியது" என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டரில் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம், கடித்துவைத்த முறுக்கு மாதிரி கரிந்து போயிருந்தது.

பீட்டிலுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃபேன் தள்ளும் காற்றும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்கின்றன. வால்வு தன் சூட்டை, மூடி உட்காரும்போது, அது உட்காரும் வளையமான சீட்டுக்குத்தான் இறக்கும். டேப்பட்டில் இடைவெளி இல்லாமல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டால் வால்வு முழுசாக உட்காராது, நெருப்பு அந்தச் சந்தில் கசிந்து ஓரத்தைத் தின்றுவிடும். பழைய மாடல்களில் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை, ஆயிலை ஆற்றும் கூலர் மறித்து நிற்பதால், முதலில் அடிபடுவது அதுதான். லேசான டிக்டிக் சத்தத்தோடு ஓடும் வால்வு பிழைக்கும், ஊமையாகிவிட்ட வால்வுதான் சாகும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 13 நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க நின்று ஆறிய எஞ்சினில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் விளிம்பில் உள்ள வெட்டுக்கு, அதற்குள் சுற்றும் ரோட்டர் நேராக வந்தால், பார்க்க வேண்டியது ஒன்றாவது சிலிண்டர். எஞ்சினைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லியை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினால் இரண்டு, இப்படியே மூன்று, நான்கு. புல்லியில் ஏற்கனவே உள்ள குறிக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்குமே இடைவெளி ஆறு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.15 மி.மீ. இரண்டு விரலுக்கு நடுவில் தூண்டில் நரம்பை இழுத்தால் ஒரு சின்னப் பிடிமானம் தெரியுமே, தகடு அந்த மாதிரி வழுக்கி வர வேண்டும். ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்க்காதவன் வேலையை முடிக்கவில்லை என்றே சொல்வேன்.

அப்புறம், ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன்னால் இருந்த இடைவெளி அளவை நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே வால்வு ஒவ்வொரு தடவையும் இடைவெளி குறைந்து இறுகிக்கொண்டே வந்தால், அது நீண்டுகொண்டிருக்கிறது, வால்வின் தலை அறுந்து விழுவதற்குள் ஹெட்டைக் கழற்றுங்கள். 2003-லேயே மெக்சிகோவில் கடைசி பீட்டிலும் தயாராகி முடிந்துவிட்டது. நல்ல ஹெட் இனி கிடைப்பது லேசில்லை.

நம் கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றில் ஃபீலர் கேஜ் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவின் தடிமனும் சேர்ந்துகொண்டால் அளவே பொய்யாகிவிடும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு தகட்டையும் துடைத்து, ஆயில் தடவி, துணியில் சுற்றி வைக்க வேண்டும். என் பட்டறைப் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.