பாறை எலியைக் காக்க நிலையான நிதி கோரும் மனு

அனுப்புநர்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வாழ் தமிழர்கள், வட ஆட்சிப்பகுதி

பெறுநர்: மாண்புமிகு சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்கள், ஆஸ்திரேலிய அரசு, கான்பெரா

பொருள்: மேற்கு மெக்டானல் மலைத்தொடரில் அழியும் நிலையில் உள்ள பாறை எலியைக் காத்தல் – தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இப்பகுதியின் பழங்குடியினரான அரெண்டே மக்கள் 'அந்தினா' என்று அழைக்கும் பாறை எலிக்காக இந்த மனு. தடித்த வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரவில் விதை தேடித் தின்று வாழும் சிறிய உயிர். 1960-க்குப் பிறகு கண்ணில் படாமல் போய் 1996-இல் மீண்டும் கிடைத்தது. 2002-இல் வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்து வந்தபின் மறுபடியும் காணோம். 2010-இல்தான் குவார்ட்சைட் என்னும் கடினப் பாறையாலான உயரமான முகடுகளில் மிஞ்சியிருப்பது தெரிந்தது. இனி ஒதுங்குவதற்கு அதைவிட உயரமான இடம் அதற்கு இல்லை.

ஆபத்து அடிவாரத்திலிருந்தே தொடங்குகிறது. கொங்கு நாட்டுக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் காங்கேயம் மாடுகள் மேயும் அதே கொழுக்கட்டைப் புல், இங்கே பஃபெல் புல் என்ற பெயரில் தீவனத்துக்கும் புழுதியை அடக்கவும் விதைக்கப்பட்டது. எங்கள் ஊரில் நல்ல புல். இங்கே ஆற்றோரமெல்லாம் அடர்ந்து, காய்ந்ததும் தீக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. அந்தத் தீ ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முள் போன்ற உள்நாட்டுப் புல் வழியாக முகடு வரை ஏறுகிறது. 2019 ஜனவரியில் இம்மலைத்தொடரின் தேசியப் பூங்காவின் பெரும் பரப்பு அப்படித்தான் எரிந்தது. மறைவிடம் போனபின் காட்டுப்பூனைக்கு வேட்டை சுலபம். முகடுகளில் எடுத்த பூனை எச்சத்திலேயே இந்த எலியின் மிச்சங்கள் இருந்திருக்கின்றன.

தீயே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. குளிர்காலத்தில் திட்டுத் திட்டாக எரித்தால், பிறகு முளைக்கும் செடிகளின் விதை எலிக்கு இரையாகும். அரெண்டே மக்களுக்கு இது கைவந்த வேலை. ஆகவே பழங்குடி வனக்காவலர் குழுக்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொகையாக இல்லாமல் பத்தாண்டு நிதியாக ஒதுக்க வேண்டுகிறோம். புல் அகற்றுதல், குளிர்கால எரிப்பு, பூனைக் கட்டுப்பாடு மூன்றும் ஒரே திட்டமாக, ஒரே பொறுப்பில் நடக்க வேண்டும். புல்லை விட்டுவிட்டுப் பூனையை மட்டும் பிடித்துப் பயனில்லை.

இன்னொன்று. நல்ல மழை பெய்த ஆண்டில் எலி பெருகும், சரி, இனிக் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் புல்லும் அப்போதுதான் பெருகுகிறது. அந்த ஆண்டில் நிதியைக் குறைக்காமல் கூட்டித் தர வேண்டும். காட்டில் உள்ளவை அழிந்தாலும் இனம் தப்பும்படி, காப்பிடத்தில் போதுமான எலிகளை வளர்க்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

வரும் கோடைக்கு முன் எழுத்துமூலம் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ளோர்